துணிமூட்டையுடன் தோட்டத்துள் சென்றவர்

வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் சுரங்கம் முதலில் தோன்றிற்று. ஊர் அதன் பின்னால் வந்தது. மலைச்சரிவில் வரிசையாக எழுந்த சிறு வீடுகளில் வாழ்ந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள்; தம் கூலியில் மிச்சம் பிடித்துப் படிப்பகமும் கட்டினார்கள். நம் மலைநாட்டு லயங்களும் வரிசை வீடுகளே. ஆயினும் சங்கம் என்ற சொல் அங்கே நுழைய நெடுங்காலம் பிடித்தது. தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி அயலான் கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைக் குறித்துக் கொடுக்கும் 'துண்டு' என்னும் சீட்டும் தொழிலாளியை மலையோடு பிணைத்தன. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921-இலேதான்.

இவ்வேலிக்குள் புகுந்தவர் தஞ்சைத் தரணியில் பிறந்த கோ. நடேசய்யர். 1915-இல் இலங்கைக்கு முதன்முறை வந்தபோது, தோட்டத்தைக் காண வேறு வழியில்லாமையால், துணி வியாபாரியாக உள்ளே சென்றார். வேட்டியும் சேலையும் விரித்த இடத்திலே அவர் கண்டது ஒரு சமூகத்தின் துயரம். ஊர் திரும்பியும் அது அவரை விடவில்லை. 1920-இல் மீண்டும் வந்தார், இந்நாட்டிலேயே தங்கிவிட்டார்.

கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்காவுடன் தோளோடு தோள் நின்று நகரத் தொழிலாளர்க்காக உழைத்தார். 1925-இல் சட்டசபைக்குத் தெரிவானார். பின்னர் இந்தியத் தொழிலாளர் மீது வெறுப்பு மூண்டபோது இருவரும் பிரிந்தனர். அப்பிரிவு இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்துக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்றே கருதுகிறேன். ஆனால் அதுவே நடேசய்யரை முற்றாக மலைநாட்டுக்கு உரியவராக்கிற்று. 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

இங்கே அவர் துணைவியார் மீனாட்சி அம்மையை மறத்தல் தகாது. எழுத்தறியா மக்களிடம் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் எவ்வளவு தூரம் செல்லும்? அம்மையாரோ கூட்ட மேடையில் பாடினார். பாரதியின் பாடல்களையும், தொழிலாளர் துயரைப் பற்றித் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். ஏடு எட்டாத செவிகளைப் பாட்டு எட்டிற்று. பெண்கள் மேடையேறுவதே அரிதான காலம் அது.

1936-இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பின்னர் எழுந்த இலங்கை இந்தியக் காங்கிரஸின் செல்வாக்கில் அவர் சங்கம் மங்கிற்று. 1947 தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் காலமானார். மறு ஆண்டு நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் அவர் தேடிச்சென்ற மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.