மலாயா கணபதி: 64 நாளில் முடிந்த கதை



சங்கப் பேச்சு எடுத்தாலே நம் பெரியவர்கள் மறக்காமல் சொல்லும் பெயர்களில் ஒன்று மலாயா கணபதி. அவரைத் தூக்கில் போட்டு முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் அந்த வழக்கு நம் ஜனங்கள் மனசிலே இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேணும்.

எஸ்.ஏ.கணபதி தஞ்சாவூர் ஜில்லா தம்பிக்கோட்டையிலே பிறந்தவர். சின்ன வயசிலேயே கப்பலேறி இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். சண்டை முடிந்து ராணுவம் கலைந்த பிறகு அவர் சும்மா உட்காரவில்லை. தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன நம் ஆள்கள் ஆயிரக்கணக்கிலே திரும்பி வரவில்லை. லயத்திலே விதவைகளும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும். அரிசி விலையைக் கேட்டால் தலை சுற்றும். பால் மரம் வெட்டிக் கிடைத்த கூலி அந்த விலையை எட்டிப் பிடிக்கவில்லை. அப்போதுதான் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் வளர்ந்தது. 1947 வாக்கில் அதில் இரண்டரை லட்சத்துக்கு மேல் தொழிலாளிகள் இருந்தார்கள். சீனர், தமிழர் என்று பல இனத்தாரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் கணபதி. கம்யூனிஸ்டுக் கட்சியின் கை அந்தச் சம்மேளனத்தில் ஓங்கியிருந்தது என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

1948 நடுவிலே வெள்ளைக்காரன் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தை மாற்றியது. பல தொழில் சங்கங்களைச் சேர்த்துச் சம்மேளனம் நடத்தக் கூடாது என்றது. ஜூன் மாதம் கணபதியின் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தொரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. சங்கக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். விசாரணை இல்லாமலே அடைத்து வைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. அதற்குக் குறைந்த தண்டனையே கிடையாது. கணபதி தலைமறைவானார்.

1949 மார்ச் 1ஆம் தேதி, ரவாங் பக்கம் வாட்டர்பால் தோட்டத்திலே அவர் பிடிபட்டார். கைத்துப்பாக்கி ஒன்றும் ஆறு தோட்டாவும் அவரிடம் இருந்ததாக வழக்கு. துப்பாக்கி வழியிலே கிடைத்தது, அதைப் போலீசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவருடைய பதில். மார்ச் 15ஆம் தேதி கோலாலம்பூர் ஐகோர்ட்டில் விசாரணை. அவர் பேச்சைக் கோர்ட்டு ஏற்கவில்லை. தூக்குத் தண்டனை விழுந்தது. அப்பீலும் தள்ளுபடியானது. இந்திய அரசாங்கம் கருணை காட்டச் சொல்லிக் கேட்டது. தொழிற்சங்கங்கள் கேட்டன. எதுவும் பலிக்கவில்லை. மே 4ஆம் தேதி பூடு சிறையிலே அவரைத் தூக்கில் போட்டார்கள். பிடித்த நாளிலிருந்து எண்ணினால் 64 நாள்தான். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

போலீஸ் பொய் சொல்லியது என்று எழுத நான் வரவில்லை. ஜனங்கள் ஏன் நம்பவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். கணபதி பிடிபடுவதற்கு மூன்று மாதம்கூட ஆகாத முன்பு, 1948 டிசம்பரில், அதே சிலாங்கூர் பத்தாங் காலியில் ஆயுதம் இல்லாத 24 பேரைப் பட்டாளத்தார் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியதால் சுட்டோம் என்று அரசாங்கம் சொல்லியது. இருபது வருஷம் கழித்து, அந்தப் பட்டாளத்தில் இருந்த சில பேரே சீமையிலே, அது அப்படி நடக்கவில்லை என்று சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் சொல்லும் கதை இப்படி இருந்தால், மற்ற வழக்கில் உண்மையே சொன்னாலும் யார் நம்புவார்கள்?

இன்னொரு வழக்கையும் பாருங்கள். ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழர் 1948 செப்டம்பரில் பிடிபட்டார். துப்பாக்கிக்கு ஒரு வழக்கு, தோட்டாவுக்கு ஒரு வழக்கு. முதல் விசாரணையில் தோட்டா வழக்கிலே விடுதலை ஆனார். துப்பாக்கிக்கு மறு விசாரணை நடந்தது. துப்பாக்கி, தோட்டா இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலத்தைக் காட்டினார்கள். தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்று, நீதிபதிக்குத் துணையாக உட்கார்ந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கு விதித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் அங்கே தண்டனையை ரத்து செய்தார்கள். ஆள் உயிர் பிழைத்தார்.

அதே சட்டம், அதே தூக்கு. ஒரு வழக்கை நிதானமாகத் தராசிலே வைத்துப் பார்த்தார்கள், ஓட்டை தெரிந்தது. இன்னொன்றை 64 நாளில் முடித்தார்கள். சந்தேகம் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. தண்டனை கொடுத்தால் ஜனங்கள் பயப்படுவார்கள். ஒழுங்காக விசாரித்தால்தான் நம்புவார்கள். பயம் வேறு, நம்பிக்கை வேறு.

பூடு சிறை 1996இல் மூடியாகிவிட்டது. பழைய வாசல் மட்டும் நிற்க, உள்ளே பெரிய கடைத்தொகுதி வந்துவிட்டது. 2023இல் கட்டாயத் தூக்குத் தண்டனையையும் நாடாளுமன்றம் நீக்கியது. இனி நீதிபதி ஆளையும் நிலைமையையும் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆனால் சட்டம் மாறினால் போதுமா? சங்க வேலையாக நான் ஸ்டேஷனுக்குப் போகும்போது, புகார் கொடுக்கவே பயந்து வாசலிலே நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். இதை நன்றாக மனசிலே வையுங்கள். உங்களைப் பிடித்தால் எதற்காகப் பிடித்தார்கள் என்று சொல்ல வேணும். வக்கீலைப் பார்க்க விட வேணும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னே நிறுத்த வேணும். இது யாரும் போடும் பிச்சை இல்லை, அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. மலாய் வாசிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

கணபதியின் கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் ஒரு பாட்டாளியின் உயிரை எடுக்கும் முன் அவன் சொல்வதையும், பிடித்தவன் சொல்வதையும் ஒரே தராசிலே நிறுக்க வேணும். அதைக் கேட்கும் தைரியம் ஒவ்வொரு லயத்திலும் இருக்கட்டும்!