ஆட்டுப்பாலில் ஒளிந்திருந்த காய்ச்சல்
சேர் டேவிட் புரூஸ் (1855–1931)

பவுல் அப்போஸ்தலர் கப்பற்சேதத்துக்குத் தப்பிக் கரையேறிய தீவின் பெயர் மெலித்தா என்பது நமது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்கே புபிலியுவின் தகப்பனார் காய்ச்சலாய்ப் படுத்திருந்ததும், பவுல் ஜெபித்து அவரைக் குணமாக்கியதும் நினைவிருக்கும். அந்தத் தீவுக்கு இன்று மால்டா என்று பெயர். பவுலின் காலத்துக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தீவில் ஒரு பொல்லாத காய்ச்சலின் காரணத்தைத் தேடிய இராணுவ வைத்தியர் ஒருவரின் கதை இது. அவர் பிறந்த இடம் எது தெரியுமா? நாம் வாழும் இதே மெல்பேர்ன் நகரந்தான்.

டேவிட் புரூஸ் 1855ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி பிறந்தார். தாய் தகப்பன் இருவரும் ஸ்கொட்லாந்துக்காரர். தகப்பனார் ஒரு பொறியியலாளர். விக்டோரியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட காலத்தில் இங்கே வேலைக்கு வந்தவர். டேவிட்டுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி, ஸ்டேர்லிங் என்னும் ஊரில் குடியேறியது. பதினான்கு வயதில் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு, மான்செஸ்டரில் ஒரு பண்டகசாலையில் வேலைக்குப் போனார். விளையாட்டு வீரராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. பதினேழு வயதில் வந்த நியுமோனியாக் காய்ச்சல் அந்த ஆசையை முடித்துவிட்டது. பிறகுதான் மறுபடி படிக்கத் தொடங்கினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முதலில் விலங்கியல், பின்பு வைத்தியம் படித்து 1881ஆம் ஆண்டு வைத்தியரானார். விலங்குகளைப் பற்றி அன்று படித்தது பின்னாளில் மனிதர் பலரைக் காப்பாற்ற உதவியது.

1883ஆம் ஆண்டு அவர் மேரி எலிசபெத் ஸ்டீல் என்ற வைத்தியர் மகளை மணந்தார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவத்தின் வைத்தியப் பிரிவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கணவனும் மனைவியும் மால்டாவுக்குப் போனார்கள்.

மால்டா அப்போது பிரித்தானியரின் கையில் இருந்தது. துறைமுகத்தில் போர்க்கப்பல்கள், கோட்டைகளில் ஆயிரக்கணக்கான போர்வீரர்கள். அவர்களுடைய பெரிய எதிரி ஒரு காய்ச்சல். அது வந்தவர் இரவில் வியர்வையில் நனைவார், மூட்டுகள் நோகும். சில நாள் தணிந்து, சுகமாகிவிட்டது என்று எண்ணும்போது மறுபடி ஏறும். இப்படி அலை அலையாய் மூன்று நான்கு மாதம்கூட ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். இறந்தவர்கள் சிலரே. ஆனால் பிழைத்தவர்களில் பலர் பழைய பலத்துக்குத் திரும்ப வெகுநாள் பிடித்தது. காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்றமெடுக்கும் துறைமுகத் தண்ணீரிலிருந்து எழும் கெட்ட காற்றுத்தான் என்று பலர் நினைத்தார்கள்.

புரூஸ் நுணுக்குக்காட்டியோடு உட்கார்ந்தார். மேரி அம்மையாரும் கூடவே உட்கார்ந்தார். கிருமிகளை வளர்ப்பது, சாயமிடுவது, கண்டதைப் படமாக வரைவது எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொண்டார். 1887ஆம் ஆண்டு, இந்தக் காய்ச்சலால் இறந்த வீரர்களின் மண்ணீரலில் மிகச் சிறிய ஒரு கிருமியைப் புரூஸ் கண்டார். அதை வளர்த்துக் குரங்குக்குச் செலுத்தியபோது குரங்குக்கும் அதே காய்ச்சல் வந்தது. கிருமி அகப்பட்டது. ஆனால் அது மனிதருடைய உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பது தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

இடையில் இருவரும் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். 1894ஆம் ஆண்டு சூலுலாந்தில் மாடுகள் நகானா என்னும் நோயால் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன. உபொம்போ என்னும் மலையில் மண்சுவர்க் குடிசை ஒன்றே அவர்களுக்கு வீடும் ஆய்வுகூடமும். மாடுகளின் இரத்தத்தில் நெளியும் ஒரு நுண்ணுயிரைப் புரூஸ் கண்டார். அதைக் கொண்டு செல்வது செட்சி என்ற கடிக்கும் ஈ என்று காட்டினார். இன்னொன்றையும் அங்கே அறிந்தார்: காட்டு விலங்குகள் தங்கள் இரத்தத்தில் இந்த நுண்ணுயிரைச் சுமந்துகொண்டே எந்த நோயும் இல்லாததுபோல் மேய்ந்து திரிந்தன. பார்வைக்குச் சுகமாயிருக்கும் விலங்கிடமிருந்தும் நோய் வரலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

1899ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் போர் மூண்டது. லேடிஸ்மித் என்ற ஊரை எதிரிகள் 118 நாள் முற்றுகையிட்டார்கள். உள்ளே அகப்பட்டவர்களில் புரூஸ் தம்பதியரும் இருந்தனர். அவர் காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். மேரி அம்மையார் தாதியாகப் பணிசெய்தார். 1903ஆம் ஆண்டு உகண்டாவில் பெருந்தொகையானோரைக் கொன்ற தூக்க நோயையும் செட்சி ஈயே பரப்புகிறது என்று காட்ட புரூஸ் உதவினார்.

மால்டாவில் காய்ச்சல் மட்டும் தீரவில்லை. 1904ஆம் ஆண்டு அதை ஆராய்வதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் புரூஸ். இராணுவ, கடற்படை வைத்தியர்களோடு மால்டாவைச் சேர்ந்த வைத்தியர் தெமிஸ்டொக்கிலிஸ் ஸமிட் என்பவரும் அதில் இருந்தார். காற்று, தூசி, கழிவுநீர், கடல்நீர், நுளம்பு என ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதிலும் விடை கிடைக்கவில்லை.

அக்காலத்தில் மால்டாவின் தெருக்களில் காலையில் ஆடுகள் கூட்டமாக வரும். ஆட்டுக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி, வாங்குபவரின் கண்முன்னே கறந்து கொடுப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஆடுகளுக்கு இந்த நோய் வராது என்றே குழுவினரும் எண்ணியிருந்தார்கள்.

1905ஆம் ஆண்டு ஸமிட் ஒரு சோதனைக்காக ஆடுகள் சிலவற்றை வாங்கினார். நோய்க் கிருமியைச் செலுத்துவதற்கு முன் அவற்றின் இரத்தத்தைப் பார்த்தார். நோய் கண்ட உடம்பின் இரத்தத்தெளிவோடு இந்தக் கிருமிகளைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஆறு ஆடுகளில் ஐந்தின் இரத்தத்தில் அவை திரண்டன! ஒருவரும் கிருமியைச் செலுத்தாமலே அந்த ஆடுகளை நோய் தொற்றியிருந்தது. பின்பு பாலைச் சோதித்தார்கள். அதிலும் கிருமி இருந்தது. இருமலில்லை, மெலிவில்லை, பால் குறையவுமில்லை. பார்வைக்கு நல்ல ஆடுகள்.

அதுவரை விளங்காத பல விடயங்கள் அப்போது விளங்கின. சாதாரண வீரர்களைவிட அதிகாரிகளுக்கு ஏன் இந்தக் காய்ச்சல் அதிகம் வந்தது? அவர்கள்தான் அதிகம் பால் குடித்தார்கள். வேறு நோய்க்காக வைத்தியசாலைக்குப் போனவர்களுக்கு அங்கே ஏன் இந்தக் காய்ச்சல் பிடித்தது? உடம்பு தேறட்டும் என்று அங்கே ஆட்டுப்பால் கொடுத்தார்கள். பிள்ளைகளே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நோயாளிக்கு அன்போடு கொடுத்த பாலே நோயைக் கொடுத்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்குத் தெரியாது. அன்போடு அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

1906ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. பதிலுக்கு டின் பால் வந்தது. 1905ஆம் ஆண்டு தரைப்படையில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இந்தக் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். 1907ஆம் ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே விழுந்தார்கள். புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை; பால் மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. படைவீரருக்கு ஒரு கட்டளை போதும். தீவின் மக்களுக்கு யார் கட்டளையிடுவது? ஏழை ஆட்டுக்காரரின் பிழைப்பே அந்த ஆடுகள்தான். கண்முன்னே கறந்த பாலில் நோய் இருக்கிறது என்றால் வாங்குபவர்களும் எளிதில் நம்பவில்லை. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிப் போத்தலில் கொடுக்கும் ஏற்பாடு 1938ஆம் ஆண்டளவில்தான் அங்கே தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மால்டாவின் குடும்பங்கள் அந்தக் காய்ச்சலைச் சுமந்தன. உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது கடைசி வீடுவரை போய்ச் சேரவும் வேண்டும்.

புரூஸுக்கு 1908ஆம் ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. முதலாம் உலகப் போரின்போது இராணுவ வைத்தியக் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார்; காயப்பட்ட வீரர்களை ஏற்புவலி நோயிலிருந்து காப்பாற்றும் பணியையும் முன்னின்று நடத்தினார். 1920ஆம் ஆண்டு அந்தக் கிருமிக்கு அவருடைய பெயரால் புரூசெல்லா என்று பெயரிட்டார்கள். ஆடுகளிடம் அதைக் கண்ட ஸமிட்டின் பங்கு வெகுகாலம் போதிய அளவு பேசப்படவில்லை. அவருக்குச் சேர் பட்டம் 1930ஆம் ஆண்டே கிடைத்தது.

1931ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மேரி அம்மையார் காலமானார். நான்கு நாள் கழித்து, அவருடைய அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்த வேளையில், நோயுற்றிருந்த புரூஸின் உயிரும் பிரிந்தது. தம்முடைய ஆராய்ச்சிகளைப் பற்றி யாராவது எழுதினால், அவற்றின் பெருமையில் மேரிக்குச் சரிபாதி உண்டு என்று எழுதவேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற வேண்டுகோள். ஆகையால் அதை இங்கேயும் எழுதுகிறோம்.

நம் வீடுகளில் பாட்டிமார் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார்கள். கிருமியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கொதிப்பில் இந்தக் கிருமி செத்துவிடும். ஊருக்குப் போகும்போதோ பண்ணைகளுக்குப் போகும்போதோ காய்ச்சாத பாலையும், அதில் செய்த பாற்கட்டியையும் யாராவது அன்போடு நீட்டினால், பிள்ளைகளே, நன்றி சொல்லிவிட்டு முதலில் காய்ச்சியதா என்று கேளுங்கள். அப்போது மெல்பேர்னில் பிறந்த டேவிட்டையும், கூடவே மேரியையும் ஸமிட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.