காலம் கடந்து வந்த பட்டம்

சதுரங்க உலகில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மட்டுமே ஆடி, இன்றளவும் பேசப்படுபவர் மீர் சுல்தான் கான். பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப் பகுதியில், மித்தா திவானா எனும் சிற்றூரில் பிறந்தவர் இவர். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். ஆனால், அது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே நகரும்; வேறு சில விதிகளும் மாறுபடும்.

அப்பகுதியின் பெருநிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரது திறமையைக் கண்டு ஆதரவளித்தார். ஐரோப்பிய விதிகளைப் புதிதாகப் பயின்ற சுல்தான் கான், 1928இல் அகில இந்திய வெற்றியாளரானார். மறு ஆண்டு தம் புரவலருடன் லண்டன் சென்றார்.

அங்கே பல இடர்கள் காத்திருந்தன. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் தொடக்க நகர்வுகளை நூல்கள்வழி கற்றுத் தேர்ந்திருந்தனர். அவருக்கோ அத்தகைய பயிற்சி இல்லை. குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டை நோயால் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆட வந்த நாள்களும் உண்டு. எனினும், 1929இல் பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிடைத்தது.

தொடக்கத்தில் பின்தங்கினாலும், ஆட்டத்தின் நடுவிலும் இறுதியிலும் பொறுமையுடன் போராடுவது அவரது வழக்கம். அவ்வாறே, 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வெற்றியாளர் கபாபிளாங்காவை வீழ்த்தினார். 1931இல் போலந்து நாட்டின் தார்த்தகோவரை 12 ஆட்டங்கள் கொண்ட தொடரில் வென்றார். அதே ஆண்டு பிராக் நகர ஒலிம்பியாட்டில், போலந்தின் மற்றொரு மேதையான ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார்.

ஆயினும், அவரது ஆட்ட வாழ்வு புரவலரின் பயணத்தையே சார்ந்திருந்தது. 1933இன் இறுதியில் புரவலர் தாயகம் திரும்பியபோது, சுல்தான் கானும் உடன் திரும்பினார். அதன்பின் ஐரோப்பியப் போட்டிகளில் அவர் ஆடவில்லை. 1950இல் அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. அப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. நிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்த அவர், 1966இல் பாகிஸ்தானில் காலமானார்.

அவர் மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின், 2024இல், மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கையில் வாங்க அவர் இல்லை. ஆனால், அவரது ஆட்டங்களை இன்றும் சதுரங்கம் பயில்வோர் பலகையில் அடுக்கி, நகர்வு நகர்வாக ஆடிப் பார்த்துக் கற்கின்றனர்.