மலைக்கு வந்த இப்னு பதூதாவும் பெயர் தெரியாத 15 பேரும்

றொசல்லையில் இருக்கும் எங்களுக்குச் சிவனொளிபாதமலைக்குப் போக ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று பஸ் பாதை இருக்கிறது. 1344இல் இதே மலைக்கு ஒருவர் புத்தளம் கடற்கரையிலிருந்து புறப்பட்டு வந்தார். அவர்தான் இப்னு பதூதா.

1304இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். 21 வயதில் மக்காவுக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர், டெல்லியிலும் மாலைதீவிலும் காழியாக இருந்துவிட்டு இலங்கைக்குக் கப்பலேறினார்.

அவர் இறங்கிய புத்தளம் மழை குறைந்த, வரண்ட கரை. ஆனால், மலைநாட்டு வெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் அங்கே குன்றுபோல் குவிந்து கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத் தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. முத்துகளைக் காட்டிய அரசரிடம் பதூதா கேட்டது ஒன்றுதான்: மலையில் உள்ள பாதத்தைப் பார்க்க வேண்டும். அரசர் பல்லக்குக் கொடுத்தார். 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டு மூட்டை சுமக்க 15 பேர் என்று கூட அனுப்பினார்.

வழியில் யானைகளையும் நீண்ட வாலுள்ள கறுங்குரங்குகளையும் கண்டார். அட்டை கடித்தால் பிழிந்துவிட ஆட்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்தார்களாம். கொழுந்து மலையில் அட்டைக்கடி வாங்கி வளர்ந்த எனக்கு, அந்தப் பக்கத்தில் 1344 மிகப் பக்கத்தில் வந்துவிட்டது.

புத்தளத்திலிருந்து சோழமண்டலக் கரைக்குத் திரும்பும்போது புயலில் கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள். கூட வந்தவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். காலையில் கரையிலிருந்து படகில் வந்தவர்கள் காப்பாற்றினார்கள். பிறகு மதுரை சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார். ஊர் திரும்பி அவர் சொல்லச் சொல்ல எழுதிய புத்தகம் 1355இல் முடிந்தது.

அதில் சுல்தான்களின் பெயர்கள் இருக்கின்றன. மூட்டை சுமந்த 15 பேரின் பெயர்கள் இல்லை.

1820களிலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன்மாரும் தமிழகக் கரையிலிருந்து படகேறி, மன்னாரின் வரண்ட கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களின் பெயர்களையும் யாரும் எழுதி வைக்கவில்லை. லயங்களில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் சில பெயர்களும் ஊர்களும் ஞாபகம் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டியது நாங்கள்தான்.