காட்டுப் பையனை வளர்த்த டாக்டர்

1800-ம் ஆண்டு ஜனவரி மாதம். கடுங்குளிர். பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் அவெய்ரோன் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்தில், தோல் பதனிடுபவர் ஒருவரின் தோட்டத்துக்குள் ஒரு சிறுவன் புகுந்தான். தின்ன ஏதாவது கிடைக்குமா என்று வந்தவன் அகப்பட்டுக்கொண்டான்.

அவனுக்குச் சுமார் 12 வயது இருக்கும். உடம்பில் கந்தல் சட்டை ஒன்றுதான். கழுத்தில் பெரிய தழும்பு. பேச்சு கிடையாது. பெற்றோர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நெடுநாள் காட்டில் தனியாகத் திரிந்தவன் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த ஆண்டே அவனைப் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பையன் கடித்தான், பிறாண்டினான், கூண்டில் அடைத்த மிருகம் போல முன்னும் பின்னும் ஆடினான். பினெல் என்ற பெரிய டாக்டர் அவனைச் சோதித்தார். இவன் பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லாதவன், குணமாகமாட்டான் என்று கையை விரித்துவிட்டார்.

அதை ஏற்க மறுத்தார் ஓர் இளைஞர். அவர்தான் டாக்டர் ஜான் இடார்ட்.

வங்கிக்குப் போக வேண்டியவர்

இடார்ட் 1774-ல் பிறந்தவர். அவரை வங்கித் தொழிலில் விட வேண்டும் என்பதுதான் வீட்டாரின் எண்ணம். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. யுத்தமும் வந்தது. அவர் ராணுவ ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே வைத்தியம் கற்றார். 26-வது வயதில், பாரிஸில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு டாக்டர் ஆனார். காட்டுப் பையனும் அந்தப் பள்ளிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

இவனுக்கு மூளை இல்லாமல் போகவில்லை, மனிதர் பழக்கம்தான் இல்லாமல் போயிற்று என்று இடார்ட் நம்பினார். பையனுக்கு விக்டர் என்று பெயர் வைத்தார். அவனைப் பார்த்துக்கொள்ள கெரின் அம்மாள் என்ற பெண்மணியை அமர்த்தினார்கள்.

விக்டருக்குச் சூடும் குளிரும் உறைக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரில் கிடக்கும் உருளைக்கிழங்கைக் கையால் எடுப்பான். காதருகே துப்பாக்கி சுட்டாலும் திரும்பமாட்டான். ஆனால் பின்னால் யாராவது வாதுமைக் கொட்டையை உடைத்தால் உடனே திரும்புவான்! காது நன்றாகத்தான் இருந்தது. தனக்கு வேண்டியதற்கு மட்டுமே அது கேட்டது.

இடார்ட் அதைப் பிடித்துக்கொண்டார். பையனுக்குப் பிடித்ததையே பாடமாக்கினார். கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் கொட்டையை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் செய்தார். தினமும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பாட்டினார். சில மாதங்களில், தண்ணீர் ஆறியிருந்தால் விக்டர் தொட்டியில் இறங்கமாட்டேன் என்றான். குளிர் உறைத்ததும் தானே உடுத்திக்கொள்ளவும் கற்றான். குழந்தைகளின் நடத்தையைச் சிறு சிறு படியாக மாற்றும் சிகிச்சை இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதற்கு முன்னோடியாக இடார்டைச் சொல்பவர்கள் உண்டு.

நான்கு எழுத்துகள்

விக்டருக்குப் பால் என்றால் உயிர். பிரெஞ்சு மொழியில் பாலுக்கு லே என்று பெயர். எழுத்தில் நான்கு எழுத்து. அட்டை எழுத்துகளை அடுக்கி அந்தச் சொல்லை அமைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் வேறொரு வீட்டுக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலே அந்த நான்கு எழுத்துகளையும் விக்டர் கையோடு எடுத்துப்போனான். அங்கே மேஜை மேல் அடுக்கிக் காட்டினான். பால் கிடைத்தது!

இடார்ட் பொறுமை இழந்த நாளும் உண்டு. பாடம் கடினமாகிப் பையன் முரண்டு பிடித்தபோது, அவனைத் தூக்கி மாடி ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்துவிட்டார். விக்டர் வெலவெலத்துப் போனான். பிறகு எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து வைத்தான். படுக்கையில் விழுந்து அழுதான். அவன் கண்ணீர் விட்டு இடார்ட் பார்த்தது அதுவே முதல் தடவை. படிக்கும்போது நமக்கே மனம் பதறுகிறது. தம் செய்கையை மறைக்காமல் அவரே எழுதி வைத்ததால்தான் இது தெரிகிறது.

கெரின் அம்மாளிடம் விக்டர் கற்றது வேறு. சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பது அவன் வேலை. அம்மாளின் கணவர் இறந்தது அவனுக்குத் தெரியாது. வழக்கம்போல அவருக்கும் தட்டு வைத்தான். அதைக் கண்டதும் அம்மாள் அழுதுவிட்டார். விக்டர் மெல்ல அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். அப்புறம் ஒருநாளும் அதை எடுத்து வைக்கவில்லை. இதை எந்த அட்டையை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும்?

விக்டருக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1806-ல் இடார்ட் தம் முயற்சியை முடித்துக்கொண்டார். தாம் தோற்றுவிட்டதாகவே நினைத்தார். விக்டருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று இக்கால அறிஞர் சிலர் கருதுகிறார்கள். கெரின் அம்மாள் அவனைக் கைவிடவில்லை. 1828-ல் சாகும்வரை அவர் பராமரிப்பில்தான் விக்டர் இருந்தான்.

இடார்ட் காது வைத்தியத்தில் பெரும் பெயர் எடுத்தார். 1821-ல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். முதுமையில், செகான் என்ற இளைஞருக்கு, மனவளர்ச்சி குன்றிய குழந்தைக்குப் பாடம் சொல்லும் வழியைக் காட்டிக்கொடுத்தார். 1838-ல் காலமானார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியில் ஒரு பெண் டாக்டர், இடார்டும் செகானும் எழுதியவற்றைத் தேடிப் படித்தார். படித்தது போதாது என்று, தம் கையாலேயே முழுவதையும் இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டார். அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.