பாடகர் போய்விட்டால் பாட்டு என்ன ஆகும்? 15 வயதில் அப்பாவை இழந்த திருவொற்றியூர் தியாகய்யர் கதை

ஃப்ரெடி மெர்குரி 1991-ல் இறந்த பிறகும் குயின் பேண்ட் மேடை ஏறியது. செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் போன பிறகு பல வருஷம் அமைதியாக இருந்த லிங்கின் பார்க், 2024-ல் புதுப் பாடகியோடு புது ஆல்பமே போட்டது. அவர்கள் கையில் பழைய ரெக்கார்டுகளாவது இருந்தன. ரெக்கார்டிங்கே இல்லாத காலத்தில் இப்படி ஒரு இழப்பு வந்தால்?

நம்ம வடசென்னையில் வந்தது. அதைச் சந்தித்தவர் திருவொற்றியூர் தியாகய்யர். அப்போது அவருக்கு சுமார் 15 வயதுதான்.

யார் இந்த தியாகய்யர்?

1845-ல் பிறந்தவர். அப்பா வீணை குப்பய்யர். குப்பய்யரின் குரு, திருவையாறு தியாகராஜ சுவாமிகள். பெயர் குழப்புதா? அப்பாவின் குரு பெயரும் அதுதான், ஊர் சாமி பெயரும் அதுதான்!

சிஷ்யன் அழைத்தார் என்று தியாகராஜரே திருவொற்றியூர் வந்து தங்கியிருக்கிறார். வடிவுடையம்மன் மீது அவர் செய்த 5 கீர்த்தனைகள்தான் 'திருவொற்றியூர் பஞ்சரத்னம்'. இன்று மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் அந்தக் கோயில் பக்கம்தான்.

குரு போன பிறகு என்ன நடந்தது?

1847-ல் தியாகராஜர் மறைந்தார். சிஷ்யர்களின் நினைவிலும் அவர்கள் எழுதி வைத்த ஏடுகளிலும்தான் பாட்டெல்லாம் இருந்தது. அதைக் காப்பாற்றினாலே பெரிய விஷயம். ஆனால் குப்பய்யர் அதோடு நிற்கவில்லை. குரு போலவே காளஹஸ்திக்கும் வெங்கடேசப் பெருமாளுக்கும் பஞ்சரத்னங்கள் செய்தார். அதைவிட முக்கியம் அவருடைய வர்ணங்கள். தியாகராஜர் என்றாலே கீர்த்தனைதான். சிஷ்யரோ வர்ணத்தில் தனக்கென்று ஒரு இடம் பிடித்தார். சங்கராபரணம், பேகடா ராகங்களில் அவர் செய்தவற்றை இன்றும் பாட்டு கிளாஸில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். குருவை அப்படியே காப்பி அடித்திருந்தால் இந்தப் பெயர் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1860-ல் குப்பய்யரும் போய்விட்டார்.

மகன் என்ன செய்தார்?

அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வீணை, பாட்டு, சொந்தமாக வர்ணங்கள், கீர்த்தனைகள். அவருடைய சஹானா வர்ணம் 'கருணிம்ப' கச்சேரிகளில் இப்பவும் ஒலிக்கிறது.

அதோடு இன்னொரு வேலையும் செய்தார். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. 1900-ல் 'பல்லவி ஸ்வர கல்பவல்லி' என்ற புத்தகத்தை அச்சில் கொண்டு வந்தார். அதில் அப்பாவின் பாடல்களும் இருக்கு, தன்னுடையதும் இருக்கு, ஸ்வரக் குறிப்போடு. அதுவரை பெரும்பாலும் குரு எதிரே உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் பாட்டு கிடைக்கும். புத்தகம் வந்த பிறகு, அந்தக் குடும்பத்தைப் பார்த்தே இராதவரும் ஸ்வரத்தைப் படித்து வாசிக்க முடிந்தது. அச்சானபோது குப்பய்யர் இறந்து 40 வருஷம் ஆகியிருந்தது.

தியாகய்யர் 1917-ல் காலமானார். சஹானா வர்ணத்தைக் கேட்கணும்னா யூடியூபில் தேடுங்க, வீணையிலும் கிடைக்கும், வாய்ப்பாட்டிலும் கிடைக்கும்.