வியாழக்கிழமை ஜானுக்கு

உங்க வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க, ஒரு வெஸ்லி இருப்பான். இல்லையென்றால் பக்கத்து டிபார்ட்மெண்டில் கட்டாயம் இருப்பான். நம்ம ஊரில், அதுவும் தென்மாவட்டங்களில், இந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கில் பாடல் எழுதிய தம்பி சார்லஸும்தான் அந்தப் பெயரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்கள். அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப் போவது அவர்களுடைய அம்மா சூசன்னாவைப் பற்றி. நடுவில் ஒரு இடத்தில் நம்ம தரங்கம்பாடியும் வரும்.

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தார். அப்பா சாமுவேல் அன்னெஸ்லி, அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போக மறுத்துப் பதவியை இழந்த போதகர். வீட்டில் 25 பிள்ளைகள்; இவர் கடைக்குட்டி. நம்பிக்கைக்காக வேலையை விட்டவரின் மகள் என்ன செய்திருப்பார்? அப்பா பக்கம் நின்றிருப்பார் என்றுதானே நினைப்பீங்க. 13 வயதை எட்டும்போதே இரு தரப்பு வாதங்களையும் தானே படித்துப் பார்த்து, அப்பா விட்டு வந்த அதே அரசுத் திருச்சபையில் போய்ச் சேர்ந்தார்! அப்பாவும் கோபித்துக்கொண்டு மகளை ஒதுக்கிவிடவில்லை. இந்தச் சம்பவத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க. பின்னால் நடக்கிற எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

19 வயதில் சாமுவேல் வெஸ்லியோடு கல்யாணம். அவரும் போதகர், கவிஞர், நல்ல படிப்பாளி. காசு விஷயத்தில் மட்டும் சுத்தம்! லிங்கன்ஷயர் பக்கம் எப்வொர்த் என்ற சின்ன ஊரில் குருவானவர் வேலை. சுற்றிலும் சதுப்பு நிலம். அங்கே கிட்டத்தட்ட 40 வருஷம் குடித்தனம். மொத்தம் 19 பிள்ளைகள் பெற்றார். அதில் 9 பேர் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார்கள். இந்த எண்களைச் சட்டென்று தாண்டிப் போயிடாதீங்க. சுமார் 20 வருஷத்தில் ஒன்பது சின்னச் சவப்பெட்டிகள்.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1705-ல் தேர்தல். சாமுவேல் ஆதரித்த தரப்பு ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத தரப்பு. பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆன சூசன்னாவின் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி வெகுநேரம் மேளம் அடித்தார்கள், துப்பாக்கி வெடித்தார்கள். குழந்தை எதிர்வீட்டுத் தாதியிடம் இருந்தது. சத்தத்தில் தூக்கமே இல்லாமல் கிடந்த அந்தத் தாதி, கடைசியில் அசந்து தூங்கியபோது தெரியாமல் குழந்தையின் மேல் புரண்டுவிட்டாள். உயிரில்லாத குழந்தையைக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தார்கள். அதே வருஷம் கடனைக் கட்ட முடியாமல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறைக்குப் போனார். வீட்டுப் பால் மாடுகளை யாரோ ராத்திரியில் கத்தியால் குத்திவிட்டுப் போனார்கள். கணவருக்கு அனுப்பப் பணம் இல்லாததால் சூசன்னா தன் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னால் பேராயர் ஒருவர், உங்களுக்கு எப்போதாவது ரொட்டிக்கே வழியில்லாமல் போயிருக்கிறதா என்று விசாரித்தார். அதற்கு சூசன்னா சொன்ன பதில்: சரியாகச் சொன்னால் அப்படி இருந்ததில்லை, ஆனால் சாப்பிடுவதற்கு முன் அதைச் சம்பாதிக்கிற கவலையும் சாப்பிட்ட பின் அதற்குப் பணம் கொடுக்கிற கவலையும் சேர்ந்து அந்த ரொட்டியைக் கசப்பாக்கிவிடுகின்றன.

இப்படிப்பட்ட வீட்டில் எங்கே உட்கார்ந்து ஜெபம் பண்ணுவது? ஹாஸ்டல் அறையில் நாலு பேர் இருந்தாலே நமக்கு ஒரு மூலை கிடைக்காது. முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கித் தலையில் போர்த்திக்கொண்டு சமையலறையிலேயே ஜெபிப்பார், அப்போது பிள்ளைகள் யாரும் கிட்டே வர மாட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை. ஆனால் அதைவிட உறுதியான சாட்சி அவர் எழுதி வைத்த குறிப்புகள். காலை, மதியம், மாலை என்று தலைப்பிட்டு, அன்றன்று தியானித்ததை எழுதியிருக்கிறார். அந்த நேரம் அந்த நேரம்தான். 1716 கடைசியில் அந்த வீட்டில் தட்டுகிற சத்தம், காலடிச் சத்தம் என்று பேய்த் தொல்லை ஆரம்பித்தது. பிள்ளைகள் அதற்கு ஜெஃப்ரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். சூசன்னா முதலில் எலி என்றுதான் நினைத்தார். கொம்பு ஊதி விரட்டவும் பார்த்தார். போகவில்லை. கடைசியில் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: என் ஜெப நேரத்தில் மட்டும் இது தொந்தரவு பண்ணக் கூடாது. பேயை நம்புறீங்களோ இல்லையோ, பேய்க்கே டைம்டேபிள் போட்ட அம்மா இவங்கதான்!

டைம்டேபிள் என்றதும் அவருடைய பள்ளிக்கூடம் ஞாபகம் வருது. வீட்டிலேயே நடத்தினார், சுமார் 20 வருஷம். காலை 9 முதல் 12, மதியம் 2 முதல் 5. பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்த மறுநாள் பாடம் தொடங்கும். முதல் நாளே எழுத்து முழுவதும் தெரிந்துவிட வேண்டும். மோலியும் நான்சியும் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்கள். மந்தம் என்று அப்போது நினைத்தாராம். அடுத்த நாள் நேராக ஆதியாகமம் முதல் வசனம். ஒருமுறை ஒரே விஷயத்தை ஒரு பிள்ளைக்கு இருபது தடவை சொன்னதை எண்ணிக்கொண்டே இருந்த கணவர், உனக்கு எப்படி இவ்வளவு பொறுமை என்று வியந்தாராம். பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் அவ்வளவு உழைப்பும் வீணாகியிருக்கும் என்றாராம் சூசன்னா. லேபில் வைவாவுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் கொஞ்சம் கவனிக்கணும்.

கண்டிப்பும் இருந்தது. ஒரு வயது தாண்டிய குழந்தை பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக வேண்டும் என்பது அவர் விதி. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் அதே விதிகளில் வேறு இரண்டும் இருக்கு. தப்பை ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு அடி கிடையாது. நன்றாக வாசிக்கத் தெரியும் வரை எந்தப் பெண் பிள்ளைக்கும் தையல் வேலை கற்றுத்தரக் கூடாது. இரண்டாவதை 1700-களின் தொடக்கத்தில் வைத்து யோசிச்சுப் பாருங்க.

ஜான் பிறந்த கதையே சுவாரஸ்யம். 1702 வாக்கில் ஒரு குடும்ப ஜெபத்தில் சாமுவேல் மன்னர் வில்லியமுக்காக ஜெபித்தார். சூசன்னா ஆமென் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை வில்லியம் நியாயமான அரசரே அல்ல. சாமுவேல் கொதித்துப் போய், நமக்கு இரண்டு ராஜா என்றால் படுக்கையும் இரண்டு என்று சொல்லிவிட்டு லண்டனுக்குக் கிளம்பிப் போனார். மாதக்கணக்கில் பிரிவு. நடுவில் வில்லியமே இறந்துபோனார், சண்டை மட்டும் சாகவில்லை. தான் செய்தது தப்பு என்று மனசாட்சி சொல்லாதபோது மன்னிப்புக் கேட்பது பொய் என்பது சூசன்னாவின் நிலை. அந்த ஜூலையில் வீட்டில் தீப்பிடித்த பிறகுதான் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். 1703 ஜூனில் ஜான் பிறந்தார்.

இன்னொரு பெரிய தீ 1709 பிப்ரவரியில். நடுராத்திரி. நிறைமாதக் கர்ப்பிணி சூசன்னா, தீக்குள்ளேயே நடந்து கையும் முகமும் வெந்து வெளியே வந்தார். எண்ணிப் பார்த்தால் ஐந்து வயது ஜான் இல்லை. அப்பா மண்டியிட்டுப் பிள்ளையின் ஆத்துமாவை ஆண்டவரிடம் ஒப்படைத்தே விட்டார். மாடி ஜன்னலில் பையன் தெரிந்தான். ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி இழுத்துப்போட்டார்கள். உடனே கூரை சரிந்தது. வீடு போனதால் பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் சிதறினார்கள். அப்போது சூசன்னா மகள் சூக்கிக்கு எழுதிய கடிதம் கடிதமே இல்லை, விசுவாசப் பிரமாணத்துக்கு வரிவரியாக விளக்கம் சொல்லும் ஒரு பாடநூல்.

இப்போ தரங்கம்பாடி. 1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பி சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து சீகன்பால்க் தமிழ் எழுத்து பழகிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்து, எப்வொர்த் வீட்டு நூலகம் வரை போய்ச் சேர்ந்தன. 1711 குளிர்காலத்தில் சாமுவேல் லண்டனில் இருந்தபோது சூசன்னா அதைப் படித்தார். பல நாள் வேறு எதையும் நினைக்கவே முடியவில்லை. நான் ஆணுமில்லை, குருவானவருமில்லை. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்ய முடியுமே என்று தோன்றியதாகக் கணவருக்கு எழுதினார். முதலில் தன் பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். பத்துப் பேர் கொண்ட வீட்டில் அம்மா முழுதாக உனக்கே உனக்கு என்று ஒரு மாலை! பல வருஷம் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராகிவிட்ட ஜான், எனக்காக ஒதுக்கிய அந்த வியாழக்கிழமை நேரத்தை இப்போதும் எனக்காக ஜெபிக்க ஒதுக்குவீர்களா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்டார்.

அது அதோடு நிற்கவில்லை. ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஜெபம் வாசித்து, ஒரு பிரசங்கமும் படித்துக் காட்டுவார். வேலைக்காரப் பையன் போய்த் தன் வீட்டில் சொன்னான். அவர்கள் வந்தார்கள். அக்கம்பக்கம் வந்தது. முப்பது, நாற்பது, பிறகு இருநூறு பேருக்கு மேல்; இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். கோயிலில் மாலை ஆராதனைக்கு வருவதோ இருபது, இருபத்தைந்து பேர். சாமுவேலுக்குப் பதிலாக இருந்த உதவிக் குருவுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? லண்டனுக்குப் புகார் போனது. பெண் பிள்ளை இப்படிச் செய்வது நன்றாக இல்லை, வேறு யாரையாவது வாசிக்கச் சொல் என்று சாமுவேல் எழுதினார். இங்கே ஒரு ஆணுக்குக்கூட எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்க வராது என்று சூசன்னா பதில் எழுதினார். கடைசிக் கடிதம்தான் உச்சம். கூட்டத்தை நிறுத்தணும் என்றால் அது உங்கள் ஆசை என்று சொல்லாதீர்கள். நேரடியான கட்டளையாகக் கொடுங்கள். நாளைக்கு நியாயத்தீர்ப்பில் இந்த நல்லது செய்யும் வாய்ப்பை ஏன் விட்டாய் என்று கேட்டால், அந்தக் குற்றத்திலிருந்து என்னை விடுவிக்கும்படி அந்தக் கட்டளை தெளிவாக இருக்கட்டும். பணிவு மாதிரியே இருக்கு, ஆனா பந்து யார் கையில் போயிருக்கு பாருங்க. சாமுவேல் ஊர் திரும்பும் வரை கூட்டம் நடந்தது.

எல்லாமே ஜெயம் என்று நினைச்சிடாதீங்க. மகள் ஹெட்டி எட்டு வயதிலேயே கிரேக்கத்தில் புதிய ஏற்பாடு வாசித்தவர், நல்ல கவிஞர். மகன்கள் ஆக்ஸ்ஃபோர்டு போனார்கள். இவருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. 1725-ல் ஒருவரோடு வீட்டைவிட்டுப் போய், ஏமாந்து, கர்ப்பமாகத் திரும்பினார். அப்பா அவசரமாக ஒரு பிளம்பருக்குக் கட்டிவைத்தார். படிப்பு வாசனையே இல்லாத அந்த வீட்டில் குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. அப்பா கடைசி வரை மன்னிக்கவில்லை. ஜான்தான் அக்காவுக்காக அப்பாவின் பிரசங்க மேடையிலேயே நின்று பேசினார். செவ்வாய்க்கிழமை மாலைகள் ஹெட்டிக்கு என்ன கொடுத்தன என்று நான் யோசித்திருக்கிறேன். பெண்ணுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு தாயால் முடிந்தது. வாசித்த பெண்ணுக்கு ஒரு இடத்தை உண்டாக்க அந்த ஒருத்தியால் முடியவில்லை.

1735-ல் சாமுவேல் இறந்ததும் வீடு கைவிட்டுப் போனது. அது திருச்சபையின் வீடு. மகள் வீடு, மகன் வீடு என்று சில வருஷம். ஜானும் சார்லஸும் அமெரிக்காவுக்குப் போகலாமா என்று தயங்கியபோது, எனக்கு இருபது மகன்கள் இருந்து, திரும்பப் பார்க்கவே முடியாது என்றாலும் சந்தோஷமாக அனுப்புவேன் என்ற பொருளில் பேசினாராம்.

கடைசி நாட்கள் லண்டன் ஃபவுண்டரியில். நம்ம ஒர்க்‌ஷாப்பில் மணல் அச்சு செய்வோமே, அதே ஃபவுண்டரிதான். பீரங்கி வார்த்த இடம், வெடிவிபத்தில் பாழாகிக் கிடந்ததை ஜான் வாங்கி ஆராதனைக் கூடமாக்கியிருந்தார். 1739-ல், 70 வயதில், மருமகன் கையிலிருந்து திருவிருந்துப் பாத்திரத்தை வாங்கும்போதுதான், தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் நெஞ்சில் இறங்கியது என்று ஜானிடம் சொன்னார். காலை, மதியம், மாலை என்று அத்தனை வருஷம் ஜெபித்தவர்!

அதற்குப் பிறகு ஒரு சம்பவம். குருப்பட்டம் இல்லாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் என்பவர் ஃபவுண்டரியில் பிரசங்கிக்கிறார் என்று கேள்விப்பட்டு, நிறுத்துவதற்காக ஜான் ஓடிவந்தார். அம்மா வழிமறித்தார். நீ எப்படி அழைக்கப்பட்டாயோ அதேபோல அவனும் அழைக்கப்பட்டவன். முதலில் கேட்டுப் பார், பிறகு முடிவு பண்ணு என்றார். ஜான் கேட்டார். விட்டுவிட்டார். மெதடிஸ்ட் இயக்கம் முழுக்கப் பட்டம் பெறாத பிரசங்கிகளால் பரவியது அதற்குப் பிறகுதான். எப்வொர்த் சமையலறையில் இருநூறு பேருக்கு வாசித்தவர் வேறு என்ன சொல்லியிருப்பார்?

1742 ஜூலையில் உயிர் பிரிந்தது. ஜானும் ஐந்து மகள்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மூச்சு நின்றதும் ஆண்டவரைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பாடினார்கள். பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பின்னாளில் ஜான் கட்டிய ஆலயம் அதற்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.